வைப்பு நிதியும் வைத்தமாநிதியும்



திருப்பெரும்பூதூருக்கு இன்று இரண்டு முகவரிகள் உண்டு. வைணவ மரபு 1017-ஆம் ஆண்டு என்று குறிக்கும் சித்திரைத் திருவாதிரையில் இராமாநுசர் பிறந்த ஊர் என்பது பழைய முகவரி. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் எனத் தொடரும் தொழிற்பேட்டைகளின் தலைவாயில் என்பது புதிய முகவரி. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது. 2006-இல் நோக்கியாவின் கைப்பேசிகள் வெளிவரலாயின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு நிறைவு கண்ட 2017-இல் ஆதிகேசவப் பெருமாள் கோயிலை நோக்கி அடியார் கூட்டம் திரண்டபோதும், முதல் ஷிப்டுக்குரிய கம்பெனி பஸ்கள் நெடுஞ்சாலையில் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இவ்விரு முகவரிகளையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்திப் பாடுவது புதுக்கவிதைக்கு எளிதான வழக்கமாகிவிட்டது. கோயில் என்றால் இழந்த பொற்காலம், ஆலை என்றால் இறைவன் இல்லாத இரும்புக் காடு. ஆயுத பூசை நாளில் ஓர் ஆலைக்குள் நுழைந்து பார்த்தவர் இவ்வாறு எழுதமாட்டார். எந்திரக் கையின் மணிக்கட்டில் சந்தனமும் குங்குமமும் இருக்கும்; எலுமிச்சம்பழம் இருக்கும்; அதே எந்திரத்தின் பக்கவாட்டில் அடுத்த எண்ணெய் மாற்றம் எந்நாளில் என்று குறித்த பராமரிப்பு அட்டவணையும் தொங்கும். குங்குமம் இட்டவரும் அட்டவணையில் கையொப்பம் இட்டவரும் பெரும்பாலும் ஒருவரே. அவர் மனத்தில் முரண்பாடு எதுவும் எழுவதாகத் தெரியவில்லை. முரண்பாடு காண்பவர்கள் வெளியே நிற்பவர்களே.

ஆயினும் வினா பொய்யன்று. இறைவனிடம் முழுமையாகத் தன்னை ஒப்படைத்தவன் நாளைக்கென்று திட்டமிடலாமா? திட்டமிட்டால் ஒப்படைத்தது குறையாகாதா? இவ்வினாவைத் தமிழ்நாட்டில் மிகக் கூர்மையாக எழுப்பியதும், அதற்கு வாழ்க்கையால் விடை கூறியதும் இராமாநுசரின் வழிவந்தோரே என்பதால், திருப்பெரும்பூதூரிலிருந்து இதனைத் தொடங்குவது பொருத்தமுடையது.

காஞ்சியில் இராமாநுசர் சில ஐயங்களோடு இருந்தபோது, திருக்கச்சி நம்பிகள் வாயிலாக வரதராசப் பெருமாள் அவருக்கு ஆறு வார்த்தைகள் அருளினார் என்பது மரபு. அவற்றுள் ஒன்று, அடைக்கலம் புகுதலே வழி என்பது. மற்றொன்று, இறுதிக் கணத்தில் இறைவனை நினைக்க வேண்டும் என்னும் கட்டாயம் அடியவனுக்கு இல்லை என்பது. மனித மனத்தின் ஆழ்ந்த அச்சம் ஒன்றை இரண்டாவது வார்த்தை அகற்றுகிறது. நினைவு தப்பிய நிலையில் உயிர் பிரிந்தால் என் செய்வது என்ற கவலையை இறைவன் தானே ஏற்றுக்கொள்கிறான். ஆறாவது வார்த்தையோ ஒரு பயணக் கட்டளை: பெரிய நம்பியை ஆசாரியராக அடைக என்பது. இராமாநுசர் காத்திருக்கவில்லை, திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். பெரிய நம்பியும் அங்கிருந்து காஞ்சி நோக்கிப் புறப்பட்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில் எதிர்ப்பட்டு, அங்கேயே மகிழ மரத்தடியில் தீக்கை நிகழ்ந்தது என்பர். ஒருவர் வீட்டில் இருந்திருந்தாலும் மற்றவர் வந்து சேர்ந்திருப்பார் என்பது உண்மைதான். ஆனால் இருவரும் நடந்தமையால்தான் சந்திப்பு பாதிவழியில் நேர்ந்தது.

திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று சரணாகதி கத்தியத்தை விண்ணப்பித்து, தன்னிடம் ஒன்றும் இல்லை, எல்லாம் உன் பொறுப்பு என்று கைவிரித்து நின்ற அதே இராமாநுசர்தான், அக்கோயிலின் நிருவாகத்தைத் தலைகீழாகச் சீர்திருத்தியவர். யார் எப்பணிக்கு உரியவர், எவர் எதற்குப் பொறுப்பு என்று வகுத்துப் பணியாளரைப் பத்துக் கொத்துகளாக அமைத்தார் எனக் கோயிலொழுகு கூறுகிறது. கோயிலொழுகு பிற்காலத்தே பல கைகள் சேர்ந்து வளர்த்த நூல். அதன் ஒவ்வொரு செய்தியையும் அப்படியே ஏற்க வரலாற்றாசிரியர் தயங்குவர். எனினும், சரணாகதி செய்தவரின் பெயரோடு ஒரு பணிப்பங்கீட்டை இணைத்து நினைவிற்கொள்ள அடியார்கள் கூசவில்லை என்பதே இங்கு வேண்டுவது. இன்றைய ஒரகடத்து ஆலை மேலாளர் எவரேனும் பத்துக்கொத்தைக் காண நேர்ந்தால், துறைவாரிப் பொறுப்புப் பட்டியல் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

சோழ மன்னனால் இடர் வந்தபோது, காவியைக் களைந்து வெள்ளாடை உடுத்தி அவர் மேற்கே சென்றதாக மரபு கூறும். கூரத்தாழ்வான் அவருக்கு மாற்றாகச் சென்று கண்ணிழந்தார். தொண்டனூரில் உள்ள பேரேரியை இராமாநுசரே கட்டுவித்தார் என்பது அவ்வூர் வழக்கு. நம்பிக்கைக்கு ஏரி எதற்கு என்று அங்கே எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

இனி, இராமாநுசருக்குப் பின் வந்த பிளவு. அடியவனின் முயற்சிக்கு மீட்சியில் இடமுண்டா என்ற வினாவில் இரு பிரிவுகள் எழுந்தன. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியோ கிடந்த இடத்தில் கிடக்க, தாய் கவ்விச் செல்கிறது. வேதாந்த தேசிகர் வழியினரை முதல் உவமையாலும், பிள்ளை லோகாசாரியர் வழியினரை இரண்டாம் உவமையாலும் குறிப்பது வழக்கமாயிற்று. இவ்வுவமைகள் அழகியவை, அழகினாலேயே ஏமாற்றவும் வல்லவை. பூனைக்குட்டிக் கொள்கை என்றால் கைகட்டிச் சும்மா இருத்தல் என்று பலர் பொருள் கொண்டனர். மேடைதோறும் அவ்வாறே பேசினர்.

பூனைக்குட்டிக் கொள்கையின் பேராசிரியர் என்ன செய்தார் என்று பார்த்தால் இப்பொருள் நிற்காது. 1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தை நோக்கி வருகிறது. பிள்ளை லோகாசாரியர் அப்போது மிக முதியவர். இறைவனின் அருளுக்கு மனித முயற்சி எதுவும் முன்னீடாக வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவர். அவர் அன்று செய்தவை மரபில் தெளிவாகப் பதிந்துள்ளன. மூலவர் கிடக்கும் கருவறையின் வாயிலைக் கற்சுவர் எழுப்பி மறைக்கச் செய்தார். உற்சவரைப் பல்லக்கில் ஏற்றினார். நெடுஞ்சாலையை விட்டுத் தென்திசைக் காட்டு வழியை மேற்கொண்டார். வழியில் கள்வர் மறித்துப் பொருளைக் கொண்டனர். பொருள் போகட்டும், பெருமாள் இருக்கிறார் என்று மேலே நடந்தார். மதுரைக்கு அருகே சோதிக்குடி என்னும் சிற்றூரில், மேற்கொண்டு ஆக வேண்டுவனவற்றை உடனிருந்தோரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார்.

இங்கே சற்றே நின்று எண்ண வேண்டும். எதிரி வரும் திசை, சுவர் எழுப்ப ஆகும் பொழுது, தூக்கக் கூடியது எது, தூக்க முடியாதது எது, தான் இறந்தால் யார் தொடர்வது - இவ்வளவும் கணக்கிட்டவரே அக்கிழவர். மூலவரைத் தூக்க முடியாது, ஆகவே மறைத்தார். உற்சவரைத் தூக்க முடியும், ஆகவே தூக்கினார். கொள்கைக்கும் செயலுக்கும் இடையே அவர் விரிசல் எதையும் உணர்ந்ததாக மரபு கூறவில்லை. காரணம் எளிது. அவருடைய கொள்கை மீட்சியைப் பற்றியது. தன் உயிர் கரையேற இறைவனோடு பேரம் பேச வேண்டியதில்லை என்பது. அந்தக் கவலை நீங்கியவனுக்கே மற்றவரின் நாளையைப் பற்றிக் கவலைப்படக் கை ஒழிகிறது. வீடுபேற்றைப் பற்றிய நம்பிக்கையை விறகு வாங்காமல் இருப்பதற்குச் சாக்காக்குவது, பிற்காலத்தாரின் சோம்பலேயன்றி அவருடைய கொள்கை அன்று.

மறுபிரிவின் தலைவரும் அதே ஆபத்தில் அவ்வாறே செயற்பட்டார். சுருதப்பிரகாசிகை என்னும் உரையின் ஏட்டுச் சுவடியையும், அதனை இயற்றியவரின் புதல்வரையும் காக்கும் பொறுப்பு வேதாந்த தேசிகரிடம் வந்தது. பிணங்களுக்கிடையே ஒளிந்து கிடந்து அவர் அவற்றைக் காத்து மேற்கே கொண்டு சென்றார் என்பர். உவமையில் குரங்கும் பூனையுமாகப் பிரிந்தவர்கள் இடுக்கண் நேரத்தில் ஒன்றுபோல் நடந்துகொண்டது, இலக்கிய வட்டத்தார் கருதத்தக்க செய்தி. உவமைகளை வைத்துக் கட்சி கட்டுவோர் பெரும்பாலும் உவமானத்தை மறந்து உவமையை மட்டும் காப்பவர்கள்.

நம்பெருமாள் திரும்பி வந்தது 1371-இல். விசயநகரத் தளபதி கோப்பணர் கொணர்ந்து சேர்த்தார். ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள். புறப்பட்டபோது உடன்சென்ற எவரும் திரும்பி வரக்கூடும் என்று எதிர்பார்த்திருக்க இயலாது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தமையால், வந்தவர் யார் என்று ஊருக்கு ஐயம். முதிர்ந்து கண்ணொளி இழந்த வண்ணார் ஒருவர், முன்னாளில் பெருமாளின் ஈர ஆடையைத் துவைத்தவர், இரு திருமேனிகளின் ஈரவாடை நீரையும் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்றாராம். சுவரும் பல்லக்கும் திட்டமிட்டவர் கணக்கில் இருந்தன. இந்த நாவின் நினைவு எவர் கணக்கிலும் இல்லை. திட்டம் எட்டாத இடத்தில் வந்து உதவிய இதனை அருள் என்று கொள்வதில் பிழையில்லை.

இத்தொழிற்பேட்டைகளிலிருந்து தெற்கே சிறிது தொலைவில் உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலை வழியே ஆட்களைத் தெரிந்து, ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அமர்த்தினர். ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அவன் கை எதைத் தொடும் என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை. அதனை ஊழ் என்றோ இறை விருப்பம் என்றோ கொள்ளலாம். ஆனால் குடத்துள் எந்த ஓலை போகலாம் என்பதில் அச்சபை ஊழுக்கு எள்ளளவும் இடந்தரவில்லை. இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவை, கல்வி. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கு. அவன் உறவினரும் விலக்கு. நிலமும் கல்வியும் இல்லாதோரை அறவே ஒதுக்கிய முறை அது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் மனிதன் செய்யக்கூடியதை முழுதும் செய்து முடித்தபின் எஞ்சியதை மட்டும் சிறுவனின் கையில் விட்ட அந்த ஒழுங்கு வியப்புக்குரியது. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்து, இரண்டையும் தணிக்காமல் வைத்திருப்பதும் இம்மனப்பான்மையே. ஊழை மிஞ்சிய வலிமை இல்லை என்றவர், அயராது முயல்வோரிடம் ஊழும் தோற்கும் என்கிறார். உரையாசிரியர்கள் இதனைச் சமன்செய்யப் படாத பாடு பட்டனர். தொண்டை நாட்டு உழவன் ஒருவனைக் கேட்டிருந்தால், மழை ஒரு பக்கம், கரை ஒரு பக்கம் என்று முடித்திருப்பான்.

கரை என்றதும் மதுராந்தகம். பெரிய நம்பியும் இராமாநுசரும் சந்தித்த அதே ஊர். ஏரி காத்த இராமரின் ஊர். கும்பினியின் சாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையின் கதை இங்குள்ளோர் அறிந்ததே. ஆண்டுதோறும் உடையும் ஏரிக்கரை இவ்வாண்டு நின்றால் தாயார் சன்னதியைக் கட்டித் தருவதாகத் துரை ஒப்புக்கொண்டார். 1798-இல் பெருமழை இரவில் கரையைப் பார்க்கச் சென்றவர், வில்லேந்திய இருவர் ஒளி சூழக் காவல் நிற்பதைக் கண்டார் என்பது கதை. சன்னதி கட்டப்பட்டது. அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் அங்கே உள்ளது.

கதையை நம்புவோர் உண்டு, நம்பாதோரும் உண்டு. இருசாராரும் விட்டுவிடும் செய்திகள் இரண்டு. வரிவசூலில் கடுமை காட்டியவர் என்று பெயர் வாங்கிய பிளேஸ், ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் மிகுந்த முனைப்புக் கொண்டிருந்தவர்; சாகீரைப் பற்றி 1799-இல் அவர் அளித்த நீண்ட அறிக்கை இந்நாட்டின் நிலவரத்தை அறிய இன்றும் சான்றாகிறது. இது ஒன்று. அந்த மழையில், அந்த இரவில், அவர் கூடாரத்தில் உறங்காமல் கரைமேல் நடந்தார் என்பது மற்றொன்று. காட்சி கிடைத்த இடம் பூசை அறை அன்று, ஏரிக்கரை. கூடை கூடையாக மண் சுமந்து அக்கரையை உயர்த்தியவர்களின் பெயர் கல்வெட்டில் இல்லை. கதையிலும் இல்லை. கவிஞர்கள் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் இடம் அது.

திருப்பெரும்பூதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிறைந்தால் மிகுநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 திசம்பர் முதல் நாளில் அங்கிருந்து வெளியேறிய நீரும் வழியெங்கும் சேர்ந்த வெள்ளமும் அடையாற்றில் பெருகிச் சென்னையை மூழ்கடித்தன. மறுநாளே இறைவன் சித்தம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. வாய்க்காலைத் தூர்த்தது யார், தாழ்ந்த நிலத்தில் மனைபிரித்தது யார் என்ற வினாக்களை அச்சொல் மூடிவிட்டது. இறை நம்பிக்கையை இவ்வாறு ஆளுவது நம்பிக்கைக்கே இழுக்கு. கரையைக் கவனியாதவன் இராமரைச் சாட்சிக்கு அழைக்கலாகாது.

ஆலைகளின் நாளையும் ஏரிக்கரையைப் போன்றதே. நோக்கியா ஆலையில் உச்ச நாள்களில் நேரடிப் பணியாளர் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். பெரும்பகுதியினர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அந்தச் சம்பளத்தை வைத்துத் தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், கூரைக்குப் பதில் தளம் என்று ஐந்தாண்டுத் திட்டங்கள் வீடுதோறும் எழுந்தன. வரித் தகராறும் நிறுவனம் கைமாறியதும் ஒன்றுசேர, 2014-இல் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஆலை நின்றது. அவ்வோய்வில் விருப்பம் எவருடையது என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்தாம் கூற வேண்டும். திட்டமிட்டது பிழையா? இல்லை. திட்டமிடாத வீடுகள் இன்னும் விரைவில் சரிந்தன. ஆனால் ஒரே ஆலையை நம்பிய திட்டம், ஆலையையே தெய்வமாக்கிவிட்ட திட்டம். பிள்ளை லோகாசாரியர் மூலவரையும் உற்சவரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. பின்னர் அவ்வளாகத்தில் வேறு நிறுவனம் தொழில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர் தங்கத்தக்க பெருங்குடியிருப்பு திறக்கப்பட்டது. வேறு பெண்கள், வேறு திட்டங்கள். ஒப்பந்தத் தொழிலாளராய் இருப்போருக்குத் திட்டத்தின் நீளம் சில திங்கள்களே. ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் இவர்கள் வந்து நிற்பது, எதிர்காலத்தைக் கணக்கிடத் தெரியாமலன்று. கணக்குப் போட்டு, அதன் கடைசி வரி தம் கையில் இல்லை என்று கண்டபின்னரே வருகிறார்கள்.

இவர்களின் சம்பளச் சீட்டில் ஒரு சொல் இருக்கிறது: வருங்கால வைப்பு நிதி. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பிராவிடண்ட் ஃபண்ட் என்று பெயர். இறைவனின் திருவருட் காப்பைக் குறிக்கும் பிராவிடன்ஸ் என்னும் சொல்லும் அதே இலத்தீன் வேரிலிருந்து, முன்னே காணுதல் என்ற பொருளில் பிறந்தது. முன்னறிந்து காப்பது இறைவன் செயலாகவும் சேமிப்பவன் செயலாகவும் ஒரே வேரில் அங்கே நிற்கிறது. தமிழில் இது தற்செயலாக இன்னும் அழகாக அமைந்துவிட்டது. மதுரகவியாழ்வார் பிறந்த திருக்கோளூரில் எழுந்தருளிய பெருமாளுக்குத் திருப்பெயர் வைத்தமாநிதி. அலுவலகத் தமிழாக்கம் செய்த எழுத்தர் திருக்கோளூரை நினைத்திருக்கமாட்டார். ஆனால் வைப்பும் நிதியும் அவர் கைக்கு வந்தது அந்தப் பழைய புதையலிலிருந்தே.

அத்திருக்கோளூருக்குள் இராமாநுசர் நுழைந்தபோது, ஒரு பெண்பிள்ளை மூட்டையோடு ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். எல்லாரும் புகத்துடிக்கும் ஊரைவிட்டு ஏன் போகிறாய் என்று கேட்டார். இன்னார் இன்னது செய்தாரே, அதுபோல் நான் என்ன செய்தேன் என்று எண்பத்தொரு பேரின் செயல்களை அவள் அடுக்கினாள் என்பர். அவள் எடுத்துக்காட்டிய அடியார்கள் பலரும் ஏதோ ஒன்றைச் செய்தவர்கள்: உடன்சென்றவர், ஊட்டியவர், சுமந்தவர், விட்டுக்கொடுத்தவர். இராமாநுசர் அவளைத் திருப்பி அழைத்துச் சென்று அவள் மனையில் உணவு கொண்டாராம்.

பணியில் சேரும் முதல்நாளில் ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டிய தாள்களுள் வைப்பு நிதிக்கான நியமனப் படிவமும் ஒன்று. தான் இறந்துவிட்டால் தொகை யாருக்குச் சேரவேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். இறுதி நினைவு வேண்டாம் என்று வரதராசர் விடுதலை தந்த அந்த ஒன்றை, மனிதவளத் துறை முதல் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி, அடையாள அட்டைக்கு எடுத்த ஒளிப்படத்தின் ஈரம் காயுமுன், அக்கட்டத்தில் தாயின் பெயரை எழுதுகிறாள். உறவுமுறை என்ற கட்டத்தில் அம்மா என்று எழுதி, அடித்துவிட்டு, தாய் என்று திருத்துகிறாள். பிறகு பேனாவை அடுத்தவளிடம் கொடுக்கிறாள்.